கப்பல் கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள்?

புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பிவரும் சொகுசுக் கப்பல் பயணம் ஒரு காலத்தில் மேலைநாட்டுச் செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று அது நம் நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டங்களிலும் இடம்பெறுகிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கப்பலின் பயணத்தைத் தமிழக முதல்வர் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அதே கப்பல் இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றுவந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘குரூஸ் பாரத்’ இயக்கம், இத்தகைய கடற்பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இருமடங்காக்கி 10 லட்சத்துக்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர்களுக்கோ, அங்கிருந்து மூன்று, நான்கு இரவுகள் கப்பலில் சென்றுவருவது ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் போன்ற சிற்றூரிலும் இந்த ஆவல் புகுந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் பணிக்கொடைத் தொகையில் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, ‘எந்தக் கப்பல் மலிவு?’ என்று விசாரிக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்பதால், விளம்பரத் தாள்களுடன் என்னிடமும் சிலர் வருவதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விளம்பரத்தில் உள்ள கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன், அந்தக் கட்டணத்தில் கப்பலை ஓட்ட முடிகிறதென்றால் மீதிச் செலவை யார் செலுத்துகிறார் என்று கேளுங்கள். அந்த விடை தெரிந்தால், நமக்குப் பொருத்தமான கப்பல் எது என்பது பாதி தெரிந்துவிடும்.

இக்கேள்வி எங்கள் கடற்கரைக்குப் புதியதன்று. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தபோது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமே கோலோச்சிக்கொண்டிருந்தது. சுதேசிக் கப்பல்களான காலியாவும் லாவோவும் வந்ததும் போட்டி மூண்டது. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றியதோடு கையில் ஒரு குடையையும் கொடுத்தது என்று அந்தப் போராட்ட வரலாறு கூறுகிறது. இலவசப் பயணத்துக்கும் நிலக்கரி எரிந்தது, மாலுமிக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. பல கடல்வழிகளில் கப்பல் விட்ட அந்த நிறுவனம், மற்ற வழிகளில் ஈட்டிய லாபத்தைக் கொண்டு இங்கே நட்டத்தைத் தாங்கிக்கொண்டது. இரண்டே கப்பல்களும் ஒரே வழியும் கொண்டிருந்த சுதேசி நிறுவனத்தால் அது இயலவில்லை. 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அடக்கவிலைக்குக் கீழே ஒரு பயணச்சீட்டு விற்கப்பட்டால், மிச்சத்தை வேறு எங்கோ, வேறு யாரோ செலுத்துகிறார் என்பது அன்று நாம் பெற்ற பாடம்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே துறைமுகத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய அக்கப்பல் போதிய வருவாயின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசேர்க்கும் கப்பலுக்குப் பயணச்சீட்டும் சரக்குமே முதன்மையான வருவாய். இருக்கைகள் நிரம்பாவிட்டால் எரிபொருள் செலவுக்கே வழியில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலுடன் மீண்டும் தொடங்க நேர்ந்தது.

சொகுசுக் கப்பலின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே பயணச்சீட்டு உள்ளே நுழைவதற்கான வாயில் மட்டுமே. மது, சூதாட்டக் கூடம், தனிக் கட்டண உணவகம், இணைய இணைப்பு, உடற்பிடிப்பு நிலையம், கடைகள், கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் ஏற்பாடு ஆகியவை தனித்தனியே காசு ஈட்டுகின்றன. உலகின் மிகப்பெரிய நிறுவனமான கார்னிவல் குழுமத்தின் 2023-ஆம் ஆண்டு வருவாயில் ஏறத்தாழ 35 விழுக்காடு பயணச்சீட்டு அல்லாத இவ்வகை வருவாயே. ராயல் கரீபியன் குழுமத்தில் அது 31 விழுக்காடு. நுழைவுக் கட்டணம் ஒன்று, உள்ளே நுகர்வதற்குக் கட்டணம் வேறு என்ற இம்முறையைப் பொருளியலில் இருபகுதிக் கட்டணம் என்போம். வால்டர் ஓய் என்ற பொருளியலறிஞர் 1971-இல் டிஸ்னிலாந்துப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினார். உள்ளே மிகுதியாகச் செலவழிப்பவர்கள் வருவார்கள் என்று தெரிந்தால், வாயிற்கட்டணத்தைக் குறைத்து வைப்பதே நிறுவனத்துக்கு லாபம்.

ஆகவே, விளம்பரத்தில் மிகக் குறைந்த கட்டணம் காட்டும் கப்பலில், குடிப்பவரும் சூதாடுபவரும் கடைகளில் தாராளமாகச் செலவிடுபவரும் மற்றவர்களின் கட்டணத்தில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்கள். மது அருந்தாத, சூதாடாத, மூன்று வேளையும் பொது உணவகத்திலேயே சாப்பிடும் ஓய்வூதியர் அக்கப்பலில் சலுகை பெறும் பயணி. இது அவருக்கு நல்ல செய்திதான். ஆனால் அக்கப்பல் அவருக்காகக் கட்டப்பட்டதன்று. நடுத்தளத்தின் நல்ல இடம் சூதாட்டக் கூடத்துக்கும் மதுக்கூடங்களுக்கும் போயிருக்கும். இரவு முழுவதும் இசை ஒலிக்கும். ஒலிபெருக்கியில் விற்பனை அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். பணத்தில் மிச்சப்படுத்தியதை அமைதியில் அவர் செலுத்துகிறார்.

மறுமுனையில் ‘அனைத்தும் உள்ளடக்கம்’ என்று விற்கும் உயர்வகைக் கப்பல்கள் உள்ளன. சில்வர்சி, ரீஜன்ட் செவன் சீஸ், சீபோர்ன் போன்ற நிறுவனங்களில் மதுவும் ஊழியர் சேவைக் கட்டணமும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இங்கே கணக்கு தலைகீழாகிறது. மது அருந்தாதவர், அருந்துபவருக்காகவும் சேர்த்துச் செலுத்துகிறார். அமைதியும் இடவசதியும் கிடைக்கும். ஆனால் தாம் தொடாத கோப்பைகளுக்கும் அவர் விலை கொடுத்தாக வேண்டும்.

இடைப்பட்ட சில நிறுவனங்கள் வேறு வழியைத் தேர்ந்துள்ளன. டிஸ்னி கப்பல்களில் சூதாட்டக் கூடம் கிடையாது. வைக்கிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களிலும் அது இல்லை. 18 வயதுக்குட்பட்டவர்களையும் அவர்கள் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கரைச் சுற்றுலா கட்டணத்திலேயே அடக்கம். சூதாட்ட வருவாயைத் துறந்த இவ்விரு நிறுவனங்களின் கட்டணமும் வெகுமக்கள் கப்பல்களைவிட உயர்வாக இருப்பது தற்செயலன்று. ஒன்று பேரப்பிள்ளைகளுடன் செல்லும் குடும்பத்துக்கும், மற்றொன்று அமைதி நாடும் முதியவர்களுக்கும் தன்னை வடிவமைத்துக்கொண்டு, அதற்குரிய விலையை வெளிப்படையாகவே கேட்கிறது.

கப்பல் எதை விற்று வாழ்கிறது என்பது பயணத்தின் போக்கையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற எம்பிரஸ் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்தபோது, அதில் சூதாட்டம் நடக்கிறது என்ற எதிர்ப்பு எழுந்தது. பயணிகள் கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. ஊர் பார்க்கும் எண்ணத்தில் ஏறியவர் கடலிலிருந்தே ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டியதாயிற்று. துறைமுகத்தைத் தவிர்க்கவும் வழியை மாற்றவும் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற விதி ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் பயண ஒப்பந்தத்திலும் இருக்கும். புயலும் அலையும் அதற்கு வழக்கமான காரணங்கள். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதை நெல்லைச் சீமையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெயர்கள் பலவாக இருந்தாலும் உரிமையாளர்கள் சிலரே என்பதையும் ஒப்பிடுபவர் அறிந்திருக்க வேண்டும். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, குனார்டு, சீபோர்ன் ஆகிய அனைத்தும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சி ஆகியவை மற்றொரு குழுமம். நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் மூன்றும் இன்னொன்று. ஒரே ஆலை, ஒரே நூலில் மூன்று தரத்தில் வேட்டி நெய்து மூன்று பெயர்களில் விற்பதைப் போன்றது இது. யார் எவ்வளவு கொடுக்க முன்வருவார் என்று பிரித்தறிந்து, அதற்கேற்ப விலையும் வசதியும் வைக்கிறார்கள். ஆகவே ‘கார்னிவலா, பிரின்சஸா?’ என்று கேட்பவர் போட்டியாளர் இருவரை ஒப்பிடவில்லை. ஒரே வணிகரின் இரு அலமாரிகளை ஒப்பிடுகிறார்.

அலமாரிகளின் வேறுபாட்டை அளக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. கப்பலின் மொத்தக் கொள்ளளவை, அதாவது ‘கிராஸ் டன்’ என்று குறிக்கப்படும் எண்ணை, அறைக்கு இருவர் வீதம் ஏறும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த டன் எடையன்று. கப்பலுக்குள் அடைபட்டுள்ள இடத்தின் அளவு. 2024 ஜனவரியில் பயணிகளுக்கு வந்த ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ 2,48,663 டன், பயணிகள் 5,610 பேர், ஈவு 44. சென்னைக்கு வந்த எம்பிரஸ் 48,563 டன், பயணிகள் சுமார் 1,600, ஈவு 30. வைக்கிங்கின் 930 பேர் கப்பல்களில் இது 51 அளவிலும், சில்வர்சியின் ‘சில்வர் நோவா’வில் 75 அளவிலும் இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் உணவகத்தில் வரிசை குறையும், நீச்சல்குளத்தருகே நாற்காலி கிடைக்கும். கப்பலின் உருவம் பெரிதா சிறிதா என்பதைவிட இந்த ஈவு பயணியின் வசதியைத் தெளிவாகச் சொல்லும். இவ்விரு எண்களும் பொதுவெளியில் எளிதாகக் கிடைப்பவை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

சென்ற ஆண்டு எங்கள் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் இரண்டு மதிப்பீடுகளைக் கொண்டுவந்தார். மூன்று இரவுப் பயணம். எண்களை முழுமையாக்கித் தருகிறேன். முதல் கப்பலில் ஒருவருக்கு ரூ.45,000, இரண்டாவதில் ரூ.70,000. வேறுபாடு ரூ.25,000. ஆனால் முதல் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தவற்றைக் கூட்டினோம். துறைமுகக் கட்டணமும் வரியும் ரூ.9,000. நாளொன்றுக்கு ரூ.1,500 வீதம் ஊழியர் சேவைக் கட்டணம் ரூ.4,500. இரண்டு துறைமுகங்களில் கரைச் சுற்றுலா ரூ.8,000. இணைய இணைப்பு ரூ.3,000. மொத்தம் ரூ.69,500. இரண்டாவது கப்பலில் ஒரு கரைச் சுற்றுலாவைத் தவிர மற்றவையெல்லாம் அடக்கம். அதையும் சேர்த்தால் ரூ.74,000. இருபத்தைந்தாயிரமாகத் தோன்றிய வேறுபாடு நாலாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிவிட்டது.

கணக்கு அத்துடன் முடிவதில்லை. இணையம் வேண்டாம், கரையில் நாங்களே நடந்து பார்த்துக்கொள்வோம் என்று இருப்பவருக்கு முதல் கப்பல் ரூ.58,500-தான், இரண்டாவது ரூ.70,000. அவருக்கு வேறுபாடு மீண்டும் ரூ.11,500 ஆகிறது. ஆகவே ஒரே இரண்டு கப்பல்களுக்கு நடுவில் ஒவ்வொருவருக்கும் விடை வேறுபடும். ‘சிறந்த கப்பல்’ என்று பொதுவாக ஒன்றைப் பட்டியலிடுவது அதனால்தான் பொருளற்றது. ஒவ்வொருவரும் தமக்கு உரிய பட்டியலை எழுதி, ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

பேச்சின் நடுவே, ‘இந்தப் பயணத்தில் நீங்கள் பார்க்க விரும்புவது என்ன, டீச்சர்?’ என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன். ‘எங்க அப்பா கொழும்புல புறக்கோட்டையில கடை வச்சிருந்தாங்க. அந்தத் தெருவை ஒரு தடவை பாத்தாப் போதும்’ என்றார். இரண்டு கப்பல்களில் எதுவும் கொழும்பைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் காலையில் இறங்கி மாலையில் ஏற வேண்டும். கணவர் விளம்பரத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர்கள் பின்னர் விமானத்தில் கொழும்பு சென்று ஐந்து நாள் தங்கி வந்தார்கள். கடல் வழியாகவே செல்ல வேண்டுமென்று விரும்பும் யாழ்ப்பாண உறவினர்களுக்கு நாகப்பட்டினத்துக் கப்பலே ஏற்றது. கப்பலுக்காகப் போகிறோமா, ஊருக்காகப் போகிறோமா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் கட்டண ஒப்பீட்டில் இறங்க வேண்டும்.

கப்பலுக்காகவே போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தனியாகச் செல்பவரிடம் பல நிறுவனங்கள் இருவருக்குரிய அறைக் கட்டணத்தை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ வாங்குகின்றன. கணவரையோ மனைவியையோ இழந்த முதியவர்களை இது கடுமையாகத் தாக்கும். கப்பல் மருத்துவமனையில் நம் ஊர்க் காப்பீட்டு அட்டை செல்லாது. கட்டணம் பெரும்பாலும் டாலரில் இருக்கும். நோயாளியைக் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இன்றி அறுபதைக் கடந்தவர்கள் ஏறக்கூடாது. சிங்கப்பூரில் புறப்பட்டு வேறு நாட்டைத் தொட்டு அங்கேயே திரும்புவதென்றால் ஒருமுறை நுழைவு விசா போதாது. பன்முறை நுழைவுக்கு உரியது வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள், எந்தத் துறைமுகத்தில் கப்பல் கரையோரம் நிற்கிறது, எங்கே சிறு படகில் மாறி இறங்க வேண்டும் என்று முன்னரே கேட்டறிவது நல்லது. சைவ உணவு கிடைக்கும் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், தனிச் சமையலறையா, பொது அடுப்பா என்றும் கேட்கலாம்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இங்கே வாங்கும்போது மூலத்தில் ஒரு வரி வசூலிக்கப்படும். அதன் வீதம் அவ்வப்போது மாற்றப்பட்டு வருகிறது. பலர் அதை இழந்த பணமாகவே எண்ணிவிடுகிறார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும். வரி கட்டவேண்டிய அளவு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். முகவர் தரும் ரசீதில் நிரந்தரக் கணக்கு எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

தூய்மையை ஒப்பிடுவதற்கும் வழி உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் இட்டு வெளியிடுகிறது. 86 பெற்றால்தான் தேர்ச்சி. எந்தக் கப்பலின் சமையலறையில் என்ன குறை கண்டார்கள் என்பதுவரை யாரும் படிக்கலாம். நம் துறைமுகங்களிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கும் அத்தகைய வெளிப்படையான மதிப்பெண் பட்டியல் ஒன்று இருந்தால், நம் பயணிகள் விளம்பரப் படங்களை நம்பித் தீர்மானிக்க வேண்டியிராது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை சரியாக இயங்காது என்பது ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிப் பின்னர் நோபல் பரிசு பெற்றுத் தந்த கருத்து. சந்தை அதைத் தானே திருத்திக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. கலிஃபோர்னியா மாநிலத்தில் கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை காட்டக்கூடாது என்ற சட்டம் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் பெரிய கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே விளம்பர விலையைக் காட்டத் தொடங்கின. அதே நிறுவனங்கள், அதே கப்பல்கள். மாறியது சட்டம் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் தடைசெய்யப்பட்ட 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. முதலில் குறைந்த விலை காட்டிப் பின்னர் படிப்படியாகக் கட்டணங்களைச் சேர்த்துக்கொண்டே போவது அவற்றுள் ஒன்று. அந்த நெறியைக் கப்பல் பயணச்சீட்டு விற்பனையில் கண்டிப்பாகச் செயல்படுத்தினால், சேவைக் கட்டணமும் துறைமுகக் கட்டணமும் முதல் வரியிலேயே தெரியும். ‘குரூஸ் பாரத்’ இயக்கம் கப்பல் முனையங்களுக்குச் செலவிடும் அக்கறையில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

பத்து லட்சம் பயணிகள் என்பது அரசின் இலக்கு. அந்தப் பத்து லட்சத்தில் பலர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, சேமித்த பணத்தில் கப்பல் ஏறுகிறவர்களாக இருப்பார்கள். தவறான கப்பலில் ஏறிவிட்டால் அடுத்த முறை திருத்திக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பில்லை. அடிக்கடி வாங்கும் அரிசியின் விலையைக் கடைகளின் போட்டி ஒழுங்குபடுத்தும். ஒரே முறை வாங்கும் பொருளின் விலையைத் தெளிவான சட்டமும் விழிப்பான வாங்குபவரும்தாம் ஒழுங்குபடுத்த முடியும். இலவசப் பயணமும் குடையும் கிடைத்தபோது அதை ஏற்காமல், காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களும் தூத்துக்குடியில் இருந்தார்கள். குடையின் விலையை யார் செலுத்துகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.